கதவைக் கெடுத்தவர் யார்?



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, பாடத்திட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்று ஒரு வண்டிக் கதவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "இவருக்கு என்ன ஆயிற்று?" என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுமையோடு படியுங்கள். இதில் ஒரு பாதி, பழுதான கதவை நான் எப்படிச் சரிசெய்தேன் என்பது. மறு பாதி, ஒரு சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இரண்டையும் பிரித்து எழுத என்னால் இயலவில்லை.

வண்டியும் அதன் பயணிகளும்

நம் நாட்டுச் சாலைகளில் ஆல்ஃபர்ட், வெல்ஃபயர், எஸ்திமா, செரீனா போன்ற குடும்ப வண்டிகளை நிறையவே காண்கிறோம். அவற்றுள் பல, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு இங்கு இறக்குமதியாகும் 'ரீகோன்' வண்டிகள். என்னிடம் இருப்பதும் அவ்வகை வண்டிதான். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்குத் தேவையில்லை. பின்னிருக்கைக்குச் செல்ல இரு பக்கமும் கதவுகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் அவை தாமாகவே பின்னோக்கி நகர்ந்து திறக்கும். மீண்டும் அழுத்தினால் மூடிக்கொள்ளும். எல்லாரும் 'பவர் டோர்' என்று சொல்லும் அதனை நான் இக்கட்டுரையில் நகர்கதவு என்றே குறிப்பிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்து வந்த பள்ளிப் பேருந்து நின்றுபோன பிறகு, தோட்டத்தில் எஞ்சியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் நால்வரை நானே காலையில் அழைத்து வருகிறேன். கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. நான் வரும் வழியிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே செல்ல வேண்டும். அவ்வளவும் செம்மண் சாலை. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி.

நால்வரில் ஒருவன் நான்காம் ஆண்டு மாணவன். அவனுடைய தங்கை முதலாம் ஆண்டில் பயில்கிறாள். அவன் துறுதுறுப்பானவன். வண்டியில் ஏறினால் கை சும்மா இருக்காது. கண்ணாடியை இறக்குவான், இருக்கையைச் சாய்ப்பான், மேல்விளக்கைப் போட்டுப் பார்ப்பான். இடப்பக்கக் கதவையொட்டிய இருக்கைதான் அவனது நிரந்தர இடம்.

அந்தத் திங்கட்கிழமை

அன்று காலை ஆறரை மணி. தோட்ட வீடுகளின் முன் வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். இடப்பக்கக் கதவு ஒரு சாண் அளவு திறந்தது. 'பீப்' என்று ஒலித்தது. பிறகு தானாகவே மூடிக்கொண்டது. மீண்டும் அழுத்தினேன்; அதே கதைதான். மூன்றாம் முறையும் அப்படியே. வேறு வழியின்றிப் பிள்ளைகளை வலப்பக்கக் கதவு வழியாக ஏற்றினேன்.

முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் கண்ட காட்சி ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுவன் இரு கைகளாலும் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தான். அதுதான் காரணம் என்று என் மனம் அக்கணமே தீர்ப்பெழுதிவிட்டது.

"நீதானே இழுத்து உடைத்தாய்? எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று?"

"நான் உடைக்கல ஐயா..."

"பொய் சொல்லாதே. நானே பார்த்தேன்."

அவன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மற்ற மூவரும் அவனைப் பார்த்தார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளி வந்து சேரும்வரை வண்டிக்குள் பேச்சொலியே இல்லை. அந்த அமைதியை நான் ஒழுக்கம் என்று எண்ணிக்கொண்டேன்!

மறுநாள் அவன் வண்டிக்கு வரவில்லை. தங்கை மட்டும் வந்தாள். "அண்ணன் அப்பாகூட மோட்டார்ல வரும்" என்றாள். அவன் தந்தை தோட்டத்தில் குலை வெட்டுபவர். காலைப் பிரட்டு முடித்துவிட்டு அனுமதி கேட்டு வர வேண்டும். ஆகவே அன்று அவன் பள்ளிக்கு வந்தபோது மணி எட்டு. மறுநாளும் எட்டு. தாமதமாக வருவோர் பெயரை எழுதும் குறிப்பேட்டில் அவன் பெயர் இரு நாள் ஏறியது. அதில் இரண்டாம் நாள் கையொப்பமிட்டவன் நான்.

பட்டறையில் கிடைத்த விடை

புதன்கிழமை பட்டணத்தில் உள்ள ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். போர்மனிடம், "பிள்ளைகள் கதவை இழுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொன்னேன். அவர் பொத்தானை இருமுறை அழுத்திப் பார்த்தார். உள்ளே மோட்டார் முனகி நிற்கும் ஒலியைக் கேட்டார். "மோட்டார் போயிருச்சு சார். செட்டாத்தான் மாத்தணும். ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி வரும்" என்றார்.

அவரை நான் குறைகூற மாட்டேன். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தானே மருத்துவரும் தொடங்குகிறார்? "இழுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று நான் முன்கூட்டியே காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் அதற்கேற்ற மருந்தைச் சொன்னார்.

இரண்டாயிரத்து நானூறு வெள்ளி என்றதும் எனக்குச் சற்றே அறிவு தெளிந்தது. செலவு என்று வரும்போதுதானே நாம் ஆராயவே தொடங்குகிறோம்! "இரண்டு நாள் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை ஆராய்ச்சி

'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் 948ஆம் குறளை நான் எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நோய் இன்னது என்று அறிந்து, அது எதனால் வந்தது என்று தேடி, பிறகு தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது அதன் கருத்து. கரும்பலகைக் காலத்திலிருந்து வெண்பலகைக் காலம் வரை விளக்கிய அந்தக் குறளை என் வீட்டு வாசலில் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அன்று பயன்படுத்தினேன். ஒரு பழைய பயிற்றுநூலை எடுத்து, ஒவ்வொரு சோதனையையும் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே சோதிப்பது, எளியதிலிருந்து அரியதற்குச் செல்வது என்ற இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டேன். இத்தகைய வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை வரிசையாகவே தருகிறேன்.

1. முதன்மை விசை. ஓட்டுநர் இருக்கைக்கு முன் நகர்கதவுகளுக்கென ஒரு முதன்மை விசை இருக்கும். அதை அணைத்துவிட்டால் கதவைக் கையால்தான் திறக்க வேண்டும். துணியால் துடைக்கும்போதுகூட அது தவறுதலாக அணைந்துவிடலாம். என் வண்டியில் அது போடப்பட்டே இருந்தது.

2. மறுபக்கக் கதவு. வலப்பக்கக் கதவு நன்றாகத் திறந்து மூடியது. இந்த ஒரு சோதனை பல ஐயங்களை ஒரே நேரத்தில் நீக்கிவிட்டது. கியர் 'பி'யில் இல்லாவிட்டாலோ, வண்டி நகர்ந்துகொண்டிருந்தாலோ பல வண்டிகளில் நகர்கதவு பொத்தானுக்குக் கட்டுப்படாது. அத்தகைய பொதுவான தடை இருந்தால் இரு கதவுகளுமே நின்றிருக்கும். ஆகவே குறை இடப்பக்கக் கதவுக்கே உரியது.

3. எரிபொருள் மூடி. பல வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடி இருக்கும் பக்கத்து நகர்கதவு, அம்மூடி திறந்திருந்தால் முழுமையாகத் திறக்காது. கதவு நகர்ந்து, செருகியிருக்கும் எண்ணெய்க் குழாயில் மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. என் வண்டியில் மூடி இடப்பக்கம்தான். அழுத்திப் பார்த்தேன், சரியாக மூடியே இருந்தது.

4. குழந்தைப் பூட்டு. கதவின் ஓரத்தில் சிறு நெம்பாக இருக்கும். இதைப் போட்டால் உள்ளிருந்து கைப்பிடியால் திறக்க இயலாது, வெளியிலிருந்து திறக்கலாம். என் கதவு வெளியிலிருந்தும் முழுதாகத் திறக்கவில்லை. ஆகவே இதுவும் காரணமன்று.

5. பேட்டரி. மின்னழுத்தம் குறைந்தால் முதலில் தடுமாறுபவற்றுள் நகர்கதவும் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். இயந்திரம் நின்றிருக்கும்போது 12.5 வோல்ட், ஓடும்போது 14.1 வோல்ட். நலமாகவே இருந்தது.

6. பியூஸ். கையேடு முழுவதும் ஜப்பானிய மொழியில்! கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டிக் காட்டிப் படித்தேன். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, இடப்பக்கக் கதவுக்குரிய பியூசை எடுத்துப் பார்த்தேன். உள்ளிருக்கும் இழை அறுபடவில்லை.

7. கையால் நகர்த்துதல். பேட்டரியை மீண்டும் இணைத்து, முதன்மை விசையை அணைத்துவிட்டு, முதலில் வலப்பக்கக் கதவைக் கையால் தள்ளினேன். ஒரு கையாலேயே சீராக ஓடியது. பிறகு இடப்பக்கக் கதவு. ஒரு சாண் தூரம் ஓடியது; அங்கே 'கர்ர்' என்று உரசி நின்றது. வலிந்து இழுத்தால் அந்த இடத்தைத் தாண்டிச் சென்றது. பத்து முறை செய்து பார்த்தேன். பத்து முறையும் அதே இடத்தில்தான் தடை.

ஏழாவது சோதனையில்தான் எனக்கு வழி புலப்பட்டது. மோட்டாரே இயங்காத நிலையில் கையால் தள்ளும்போதும் கதவு சிக்குகிறது. அதுவும் மாறாமல் ஒரே இடத்தில் சிக்குகிறது. அப்படியானால் தடை கதவு ஓடும் தடத்தில் இருக்க வேண்டும். மோட்டார் மீது சுமத்தப்பட்ட குற்றம் ஆட்டம் கண்டுவிட்டது.

கதவு ஏன் பின்வாங்கியது?

நகர்கதவு மூன்று தடங்களில் ஓடுகிறது. கூரையோரம் ஒன்று, வண்டியின் பின்பக்கத் தகட்டில் நடுவில் ஒன்று, படிக்கட்டின் அடியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் சிறு உருளைகள் ஓடும். மோட்டார் ஒரு கம்பிவடத்தைச் சுற்றி இழுக்க, கதவு தடத்தின் வழியே நகர்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று கதவின் ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எதிர்பாராத தடை ஏற்பட்டால், ஏதோ சிக்கிவிட்டது என்று கருதிக் கதவை நிறுத்தி எதிர்த்திசையில் செலுத்திவிடும். பல வண்டிகளில் கதவின் முன்விளிம்பில் அழுத்தத்தை உணரும் இரப்பர்ப் பட்டையும் உண்டு.

இவை எல்லாம் யாருக்காக? குழந்தையின் விரல் நசுங்கக் கூடாது என்பதற்காக. ஆக, அந்தத் திங்கட்கிழமை என் கதவு அடம்பிடிக்கவில்லை. தடை இருக்கிறது, மேலே செல்லாதே என்று தன் கடமையைத்தான் செய்தது. 'பீப்' என்று சொல்லவும் செய்தது. நான்தான் அதை மூன்று முறை அழுத்தினேன்.

தடத்துக்குள் இருந்தது

கைவிளக்கை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துக் கீழ்த்தடத்தைப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமாகக் களிமண்போல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. கிரீஸ்! ஒரு மாதத்திற்கு முன், வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பூசிய கெட்டியான கிரீஸ் மிச்சமிருக்கிறதே என்று, கதவு இலகுவாக ஓடட்டும் என்ற நல்லெண்ணத்தோடு நானே தடம் முழுவதும் அப்பியிருந்தேன். அந்தக் கிரீஸ் தோட்டத்துச் செம்புழுதியை நாள்தோறும் பிடித்து வைத்து, உப்புத்தாள்போல் உரசும் பசையாக மாறிவிட்டது.

பழைய பிளாஸ்டிக் அட்டையால் அதைச் சுரண்டிக்கொண்டே வந்தேன். சிக்கும் இடத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எளிதில் வரவில்லை. நெம்பி எடுத்துத் துடைத்துப் பார்த்தேன்.

பத்துக் காசு நாணய அளவில் ஒரு நீல நிறக் காந்தம்.

வெண்பலகையில் சொல்லட்டைகளை ஒட்ட நான் பயன்படுத்தும் காந்தம்! பயிற்றுத் துணைப்பொருள்கள் உள்ள பெட்டியை அந்தக் கதவு வழியாகத்தான் நான் ஏற்றி இறக்குகிறேன். எப்போதோ ஒன்று தவறி விழுந்திருக்கிறது. வேறு பொருளாக இருந்தால் அதிர்வில் வெளியே வந்திருக்கும். காந்தமாயிற்றே! இரும்புத் தடத்தைப் பற்றிக்கொண்டு, ஒரு திருகின் தலையருகே ஒதுங்கி, என் கிரீசுக்குள் புதைந்துவிட்டது.

கிரீஸ் என்னுடையது. காந்தமும் என்னுடையது. கையில் அதை வைத்துக்கொண்டு நான் தரையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். "பொய் சொல்லாதே" என்று நான் சொன்ன சொல்தான் காதில் ஒலித்தது.

சரிசெய்த முறை

மூன்று தடங்களையும் பழைய பல்துலக்கியாலும் சவர்க்கார நீரில் நனைத்த துணியாலும் துடைத்து நன்கு உலரவிட்டேன். உருளைகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்தேன். சிலிக்கோன் தெளிப்பானை உருளைகளின் மீது மெல்லியதாக அடித்து, மிகுந்ததைத் துடைத்துவிட்டேன். புழுதிச் சாலையில் ஓடும் வண்டியின் தடத்தில் கெட்டிக் கிரீஸ் பூசாதீர்கள். அது மண்ணைப் பிடித்து வைக்கும். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டா.

இப்போது கையால் தள்ளினால் கதவு வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. மகிழ்ச்சியோடு விசையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். கதவு அசையவே இல்லை! ஒரு கணம் மனம் தளர்ந்துவிட்டது. பிறகு குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆறாம் சோதனைக்காகப் பேட்டரி இணைப்பைக் கழற்றியிருந்தேன் அல்லவா? அவ்வாறு கழற்றினால் சில வண்டிகளில் நகர்கதவின் கட்டுப்பாட்டுக் கருவி, கதவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறந்துவிடும். கையேட்டில் சொல்லியிருந்தபடி கதவைக் கையால் முழுவதும் மூடி, மீண்டும் பொத்தானை அழுத்தினேன். மெல்லத் திறந்தது, முழுவதும் திறந்தது, அழகாக மூடிக்கொண்டது. இம்முறை வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, சுருட்டிய துவாலையைக் கதவுக்கு இடையில் வைத்து மூடிப் பார்த்தேன். துவாலையில் பட்டதும் கதவு பின்வாங்கியது. பாதுகாப்பும் சரியாக இருந்தது. இச்சோதனையை எக்காரணம் கொண்டும் கையை வைத்துச் செய்யக் கூடாது. தடத்தைத் தூய்மை செய்யும்போதும் முதன்மை விசையை அணைத்துவிட்டே விரலை உள்ளே விட வேண்டும்.

எல்லார் வண்டியிலும் இதே காரணம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கதவு கையால் இலகுவாக ஓடி, மோட்டார் ஒலி மட்டும் கேட்டால், கம்பிவடம் பிரிந்தோ அறுந்தோ இருக்கலாம். ஒலியே இல்லாமல், சில நாள் வேலை செய்து சில நாள் நின்றால், கதவுக்குச் செல்லும் மின்கம்பிகள் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கலாம். முழுவதும் மூடும் தறுவாயில் மீண்டும் திறந்துகொண்டால், பூட்டுப் பகுதியைப் பார்க்க வேண்டும். இவை பட்டறைக்குரிய வேலைகள். ஆனால் பட்டறைக்குச் செல்லும்போது, "இன்னார் கெடுத்துவிட்டார்" என்று சொல்லாமல், "இன்ன இடத்தில், இன்ன ஒலியோடு நிற்கிறது" என்று சொல்லுங்கள். எனக்கு ஆன செலவு, தெளிப்பானுக்கான பதினெட்டு வெள்ளி.

தோட்டத்து வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். ஆசிரியர் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ செய்துவிட்டான் என்றுதானே பெற்றோர் அஞ்சுவார்கள்? அவன் தாயார் கலக்கத்தோடு மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். தந்தை, "ஐயா, கதவுக்கு எவ்வளவு ஆகுதுன்னு சொல்லுங்க. மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா குடுத்துடுறேன்" என்றார். நான் கூனிக் குறுகிப் போனேன். என் ஒரு சொல் அந்த வீட்டில் ஒரு வாரமாகக் கடனாக இருந்திருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து அந்த நீலக் காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். பிறகு அவனைப் பார்த்து, "தம்பி, தவறு என்னுடையது. உன்னைப் பொய்யன் என்று சொன்னது அதைவிடப் பெரிய தவறு. ஐயாவை மன்னித்துக்கொள்" என்றேன்.

"ஐயோ, பரவாயில்லங்க ஐயா. பிள்ளைதானே, திட்டுனா என்ன?" என்று தந்தை பதறினார். சிறுவன் காந்தத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நான் அன்னிக்கு இழுத்தேன்தான் ஐயா. கதவு பாதியில நின்னுருச்சு. தங்கச்சி எறங்க முடியல. அதான் இழுத்தேன். அதுக்கு முன்னாடியே சொன்னேனே ஐயா, கதவு கர்ருனு சத்தம் போடுதுன்னு. நீங்க, 'சரி சரி, உட்காரு'ன்னு சொன்னீங்க."

ஆம், சொன்னேன். இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று காலைக் கூட்டத்திற்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் இருந்தேன். நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டு ஏழாவது சோதனையில் கண்டுபிடித்ததை, அவன் ஒரு வாரத்திற்கு முன்பே காதால் கேட்டு என்னிடம் சொல்லியிருக்கிறான். கதவையொட்டி நாள்தோறும் அமர்ந்தவன் அவன்தானே! அவனைவிட அந்தக் கதவை அறிந்தவர் யார்?

மறுநாள் காலை அவன் வண்டிக்கு வந்தான். நான் அவனைத் திட்டியது மற்ற மூவர் முன்னிலையில். ஆகவே அவர்கள் முன்னிலையிலேயே, "கதவைக் கெடுத்தது நான்தான், இவன் அல்லன்" என்று சொன்னேன். தங்கை பெரிதாகச் சிரித்தாள். பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னேன். தாமதக் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே காரணத்தை எழுதி என் கையொப்பத்தையும் இட்டேன்.

வகுப்பறைக்கு வருவோம்

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? ஒவ்வொரு நாளும் பாடக்குறிப்பில் 'குறைநீக்கல் நடவடிக்கை' என்று எழுதுகிறோம். குறையை நீக்க முனையும் நாம், குறை எங்கே இருக்கிறது என்று எத்தனை முறை தேடுகிறோம்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனால் முடிவை மட்டும் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் பழக்கம் நம்மைவிட்டு ஒழிந்ததா? "இவன் சோம்பேறி", "இவளுக்கு மண்டையில் ஏறாது" என்பவை எல்லாம், பொத்தானை இருமுறை அழுத்திவிட்டு மோட்டார் போய்விட்டது என்று சொல்வது போன்றவைதாமே?

அந்த வாரமே என் வகுப்பில் ஒரு மாணவியின் பயிற்றுநூல்களை எடுத்து, கதவைச் சோதித்தது போலவே சோதித்துப் பார்த்தேன். வெண்பலகையைப் பார்த்து எழுதியவற்றில் எழுத்துகள் விடுபட்டிருந்தன, சொற்கள் மாறியிருந்தன. பாடநூலைப் பார்த்து எழுதியவற்றிலோ அத்தகைய பிழையே இல்லை. ஒரே பிள்ளை, ஒரே கை. ஆனால் தொலைவில் உள்ளதில் மட்டும் பிழை. அவளை முன்வரிசைக்கு மாற்றினேன். கண்ணைச் சோதிக்கும்படி தாயாரிடம் சொன்னேன். கிட்டப்பார்வை என்று தெரிந்தது. இப்போது கண்ணாடி அணிகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொல்வதெழுதுதலில் லகர, ளகர, ழகர மயக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது என்னால் கற்பிக்கக்கூடிய குறை. மற்றது அவளுடைய குறையே அன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பள்ளிக்குச் செல்ல அடம்பிடித்தால், கணக்கு நூலைக் கண்டாலே ஒதுங்கினால், உடனே பிரம்பைத் தேட வேண்டா. உடனே புதிய டியூஷன் வகுப்பையும் தேட வேண்டா. எந்த நாளில், எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நிற்கிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். போதிய உறக்கம் உண்டா, காலையில் உண்டானா, பலகை தெரிகிறதா, பக்கத்தில் அமர்பவன் துன்புறுத்துகிறானா என்று எளியவற்றிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, பிள்ளையையே கேளுங்கள். ஒருவேளை அவன் முன்பே சொல்லியிருப்பான். நாமும் "சரி சரி, உட்காரு" என்று சொல்லியிருப்போம்.

அந்த நீலக் காந்தத்தை நான் பெட்டிக்குள் திரும்பப் போடவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு முன், நகர்கதவின் முதன்மை விசைக்கு அருகே வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை தோட்டத்துச் சாலையில் வரும்போது அவன் பின்னாலிருந்து, "ஐயா, பின்சக்கரத்துப் பக்கம் ஏதோ டக்டக்குனு சத்தம் கேக்குது" என்றான். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு சரளைக்கல் சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டோம். மணி அடிக்கும் முன்பே பள்ளியை அடைந்துவிட்டோம்.